வெளிநாட்டு ஆர்டர் கஸ்டம்ஸ்ல நிக்காம போய்ச் சேர என்னென்ன பண்ணணும்? புதுசா ஆன்லைன்ல விக்கறவங்களுக்கு

"பார்சல் போட்டு 16 நாள் ஆச்சுக்கா, ட்ராக்கிங்ல கஸ்டம்ஸ்ல நிக்குதுன்னே காட்டுது, கஸ்டமர் தினமும் மெசேஜ் போடறாங்க, என்ன சொல்றதுன்னே தெரியல." வீட்டுல இருந்தபடியே சேலை, கவரிங் நகை, பித்தளை சாமான்னு ஆன்லைன்ல விக்க ஆரம்பிச்சவங்க கிட்டருந்து எனக்கு அதிகமா வர்ற மெசேஜ் இதுதான். நான் மதுரைல இருந்து சுங்குடி சேலையும் பித்தளை விளக்கு, சின்ன சின்ன சாமி சிலையும் சில வருஷமா வெளிநாட்டுக்கு அனுப்பிட்டு இருக்கேன், ஆரம்பத்துல எனக்கும் பார்சல் நின்னிருக்கு, திரும்பி வந்திருக்கு. அப்படி நின்னதுல பாதிக்கு மேல பார்சல் கட்டின அன்னிக்கே நான் பேப்பர்ல எழுதினது சரியில்லாததால நின்னதுதான். அதனால முதல்ல இருந்தே வரிசையா சொல்றேன்.

ஒண்ணு மட்டும் மனசுல வெச்சுக்கோங்க. கஸ்டம்ஸ் அதிகாரி உங்க பெட்டியைப் பிரிக்கறதுக்கு முன்னாடி உங்க பேப்பரைத்தான் பாக்கறார், இப்போல்லாம் பார்சல் அந்த ஊருக்குப் போறதுக்கு முன்னாடியே டேட்டா கம்ப்யூட்டர்ல போயிடுது, அமெரிக்கா ஐரோப்பாவுக்கெல்லாம் 2021ல இருந்தே தபால்ல போனாலும் இது கட்டாயம். சுங்குடின்னா என்ன, வங்கி நகைன்னா என்ன, குத்துவிளக்குன்னா என்னன்னு வாழ்க்கைல கேள்வியே படாத ஒருத்தர் அந்த ஒரு வரியைப் படிச்சுட்டு "சரி, இது இன்ன பொருள், இன்ன விலை, இன்னார் இன்னாருக்கு வித்திருக்காங்க"ன்னு புரிஞ்சுக்கணும். புரியலைன்னா எடுத்து தனியா வெச்சிடுவாங்க, அவ்ளோதான்.

முதல்ல நம்ம ஊர் பேப்பர்

ஐஈசி, அதாவது இம்போர்ட் எக்ஸ்போர்ட் கோட், அது இல்லாம வியாபாரமா எதையும் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. பயப்பட ஒண்ணும் இல்ல, டிஜிஎஃப்டி, அதாவது மத்திய அரசோட வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகம், அவங்க வெப்சைட்ல நீங்களே அப்ளை பண்ணலாம், ஃபீஸ் 500 ரூபாய், நம்பர் உங்க பான் நம்பரே தான். தனி ஆளா கடை நடத்தறீங்கன்னா உங்க சொந்த பான் போதும். வெளில ஏஜெண்ட் கிட்ட போனா இதுக்கே ஆயிரக்கணக்குல வாங்கறாங்க, வேண்டாம். ஆனா ஒரு விஷயம், வருஷா வருஷம் ஏப்ரல்ல இருந்து ஜூனுக்குள்ள அதே வெப்சைட்ல போய் விவரத்தை கன்ஃபர்ம் பண்ணணும், எதுவும் மாறலைன்னாலும் பண்ணணும், அதுக்கு காசு கிடையாது. மறந்துட்டா ஐஈசி டீஆக்டிவேட் ஆயிடும், ஆனது நமக்கு தெரியாது, தீபாவளி ஆர்டரெல்லாம் கட்டி வெச்சுட்டு புக் பண்ண போறப்போ தான் தெரியும். ஃபோன்ல ஏப்ரல் 1க்கு ரிமைண்டர் போட்டு வெச்சிடுங்க.

அடுத்து பேங்க்ல ஏடி கோட் லெட்டர், அதாவது உங்க எக்ஸ்போர்ட் காசு எந்த பேங்க் வழியா வரும்னு கஸ்டம்ஸுக்கு காட்டற நம்பர். உங்க கரெண்ட் அக்கவுண்ட் இருக்கற பேங்க்ல கேட்டா லெட்டர்ஹெட்ல தருவாங்க, சின்ன பிராஞ்ச்ல சில சமயம் அவங்களுக்கே புரியாது, ஃபாரெக்ஸ் பாக்கற பிராஞ்ச் எதுன்னு கேட்டு அங்க போங்க. கூரியர்ல கமர்ஷியலா அனுப்பணும்னா இந்த கோடை கஸ்டம்ஸோட ஐஸ்கேட் போர்ட்டல்ல பதிவு பண்ணணும், கூரியர் கம்பெனில புது எக்ஸ்போர்ட்டருக்கு இதை செஞ்சு குடுக்க ஆள் இருக்கும், கேட்டு வாங்கிக்கோங்க. ஜிஎஸ்டி இருக்கறவங்க எல்யூடி, அதாவது ஜிஎஸ்டி போர்ட்டல்ல குடுக்கற உறுதிக் கடிதம், போட்டுட்டா ஐஜிஎஸ்டி (எக்ஸ்போர்ட்டுக்கு பொருந்தற ஜிஎஸ்டி) கட்டாமலே எக்ஸ்போர்ட் பண்ணலாம், அதுவும் ஒவ்வொரு நிதியாண்டுக்கும் புதுசா போடணும்.

இந்த பொருள் போகுமா போகாதான்னு பாருங்க

ஆர்டர் எடுக்கறதுக்கு முன்னாடி பாக்க வேண்டியது இது, எடுத்த அப்புறம் இல்ல.

சாப்பாட்டு அயிட்டம் விக்கறவங்க ரொம்ப கவனமா இருங்க. இட்லி பொடி, மசாலா பொடின்னு சாதாரணமா தெரியும், ஆனா மசாலா வியாபாரமா எக்ஸ்போர்ட் பண்ண ஸ்பைசஸ் போர்டு பதிவு வேணும். அமெரிக்காவுக்குன்னா அங்க சாப்பாடு, மருந்தை கண்காணிக்கற எஃப்டிஏங்கற அரசு அமைப்புல உங்க உற்பத்தி இடத்தைப் பதிவு பண்ணணும், பதிவுக்கு காசு இல்ல, ஆனா அமெரிக்கால ஒரு ஏஜெண்ட் காட்டணும், ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கணும், அதுக்கு மேல ஒவ்வொரு பார்சலுக்கும் முன்கூட்டியே நோட்டீஸ் போட்டு அந்த நம்பரையும் சேர்த்து அனுப்பணும். அம்மா பொண்ணுக்கு வீட்டுல அரைச்ச பொடி அனுப்பறதும் நாம காசு வாங்கிட்டு அனுப்பறதும் அவங்க சட்டத்துல வேற வேற. நெய், பால்கோவா, பால் சேர்த்த ஸ்வீட் இதெல்லாம் பிரிட்டனுக்கும் ஐரோப்பாவுக்கும் சாதாரண பார்சல்ல போகாது. பச்சை கறிவேப்பிலை அமெரிக்காவுக்குள்ள விடவே மாட்டாங்க, எலுமிச்சை ஆரஞ்சு மரத்துக்கு நோய் பரப்பற பூச்சி அதுல வரும்னு. ஆஸ்திரேலியால விதை, தேன், பால் பொருள், பதப்படுத்தாத மரம், மூங்கில் எல்லாத்துக்கும் கெடுபிடி. இவ்ளோவும் பாத்துட்டு நான் சாப்பாட்டு பக்கம் போகவே இல்ல.

பூஜை சாமான் செட் விக்கறவங்க கற்பூரத்தை அதுல சேர்க்காதீங்க, அது தீப்பிடிக்கற பொருள்ங்கறதால விமானத்துல ஆபத்தான சரக்கு லிஸ்ட்ல இருக்கு. ஸ்ப்ரிட் கலந்த அத்தர், நெயில் பாலிஷ், தீப்பெட்டி இதெல்லாமும் அப்படித்தான். ஒரு சின்ன டப்பா கற்பூரத்துக்காக மொத்த பார்சலும் நிக்கும். மயில் இறகு, அதுல செஞ்ச விசிறி நம்ம நாட்டுல இருந்தே வெளில போகக்கூடாது. செம்மரம், ஈட்டி மரத்துல செஞ்ச பொருளுக்கு தனி அனுமதி வேணும்.

சிலை விக்கறவங்களுக்கு இதை கொஞ்சம் விரிவா சொல்லணும், ஏன்னா நான் அடிபட்ட இடம். ஒரு சின்ன நடராஜர், உள்ளங்கைல வெச்சுக்கலாம், புதுசா வார்த்தது, நிறம் மட்டும் கருப்பா பழசு மாதிரி இருக்கும். வெப்சைட்ல "ஆன்டிக் ஃபினிஷ்"னு போட்டிருந்தேன், அதையே அப்படியே இன்வாய்ஸ்லயும் எழுதிட்டேன். நம்ம பக்கமே நிறுத்திட்டாங்க. 1972ல வந்த தொல்பொருள் சட்டப்படி 100 வருஷத்துக்கு மேல பழசான சிலையை வெளில அனுப்பறது குத்தம், நம்ம தமிழ்நாட்டு கோயில் சிலைங்க எவ்ளோ திருடு போயிருக்குன்னு எல்லாருக்கும் தெரியும், அவங்க நிறுத்தினதுல ஒரு தப்பும் இல்ல, நிறுத்தத்தான் வேணும். அப்புறம் தொல்லியல் துறை கிட்ட இது பழம்பொருள் இல்லைன்னு சர்டிபிகேட் வாங்கி அனுப்பறதுக்குள்ள கஸ்டமரோட கிரகப்பிரவேசமே முடிஞ்சு போச்சு. இப்போ சிலைன்னா நாலு பக்கமும் ஃபோட்டோ எடுத்து சர்டிபிகேட் வாங்கிட்டு தான் ஆர்டரையே கன்ஃபர்ம் பண்றேன், ஆன்டிக்ங்கற வார்த்தையை கடைல எங்கயுமே வைக்கறதில்ல, "புதிதாக வார்த்த பித்தளைச் சிலை, கருநிற பூச்சு"ன்னு தான் இங்கிலீஷ்ல எழுதறேன்.

ஹெச்எஸ் கோடும் பொருள் விவரமும்

உலகம் முழுக்க எல்லா பொருளுக்கும் ஒரு நம்பர் இருக்கு, அதான் ஹெச்எஸ் கோடு, முதல் 6 இலக்கம் எல்லா நாட்டுக்கும் பொது, நம்ம நாட்டுல அது 8 இலக்கமா போகும். டூட்டி, அதாவது அந்த நாட்டு இறக்குமதி வரி, எவ்ளோங்கறது இந்த நம்பரை வெச்சுத்தான். பித்தளைன்னு ஒரே நம்பர் போட்டு எல்லாத்தையும் அனுப்பறவங்க இருக்காங்க, அது தப்பு. பித்தளை சிலை 8306, பித்தளை சொம்பு டம்ளர் மாதிரி வீட்டு சாமான் 7418, எண்ணெய் ஊத்தி ஏத்தற விளக்கு 9405. மூணும் ஒரே பட்டறைல ஒரே ஆசாரி செஞ்சதா இருக்கலாம், கஸ்டம்ஸுக்கு மூணும் வேற. கவரிங் நகை 7117, பின்னலாடை டீஷர்ட் 6109, தைச்ச ஜாக்கெட் 6206, பெட்ஷீட் டேபிள் துணி 6302.

சேலைல ஒரு சிக்கல் இருக்கு. தைக்காத காட்டன் சேலை நம்ம டாரிஃப்ல, அதாவது கஸ்டம்ஸ் வரிப் பட்டியல்ல, நெய்த துணியோட சேர்ந்து 52வது சாப்டர்ல வருது, மெல்லிசு காட்டன்னா 5208, பட்டுன்னா 5007. ஆனா ஓரம் அடிச்சு ஃபால்ஸ் வெச்சு அனுப்பினா அது தயார் உடைன்னு சில நாட்டுல வேற சாப்டருக்கு எடுத்துப்பாங்க, டூட்டியும் மாறும். அந்த நாட்டுல எப்படி எடுக்கறாங்கன்னு கூரியரோட கிளியரன்ஸ் ஆளு கிட்ட ஒரு தடவை கேட்டு எழுதி வெச்சுக்கோங்க. நான் ஃபால்ஸை தைக்காம தனியா மடிச்சு வைக்கறேன், இன்வாய்ஸ்ல அதுக்கு தனி வரி.

விவரம் எழுதறப்போ "சாரி"ன்னு மட்டும் எழுதினா போதாது, "கிஃப்ட் அயிட்டம்ஸ்", "ட்ரெஸ் மெட்டீரியல்", "பூஜா ஐட்டம்"னு எழுதினா கண்டிப்பா நிக்கும். என்ன பொருள், எதுல செஞ்சது, கைத்தறியா மில்லா, தைச்சதா தைக்காததா, யாருக்கு, எத்தனை, இவ்ளோவும் ஒரே வரில வரணும். என் இன்வாய்ஸ்ல இருக்கறது இங்கிலீஷ்ல இப்படி இருக்கும்: "விமன்ஸ் சாரி, 100% காட்டன், வோவன், டை அண்ட் டை, அன்ஸ்டிட்ச்டு, 5.5 மீட்டர், 2 பீஸ், மேட் இன் இந்தியா". சுங்குடிங்கற பேரை கடைசில போட்டுக்கலாம், நம்ம பெருமைக்கு இருக்கட்டும், ஆனா முதல் வார்த்தையா போடாதீங்க. அமெரிக்காவுக்கு துணி அனுப்பறப்போ யார் உற்பத்தி பண்ணினது, அவங்க முகவரி என்னன்னும் கேப்பாங்க, நெசவாளர் சங்கத்துல வாங்கறவங்க அந்த விவரத்தை முன்னாடியே வாங்கி வெச்சுக்கோங்க. பெட்டிக்குள்ள என்ன இருக்கோ அதெல்லாம் பேப்பர்ல இருக்கணும், அன்பா ஒரு வளையல் டப்பா சேர்த்து வெச்சா அதையும் எழுதணும்.

விலையை குறைச்சு எழுதாதீங்க, கிஃப்ட்னு போடாதீங்க

இதுல நான் ரொம்ப கண்டிப்பா சொல்றேன். கஸ்டமரே கேப்பாங்க, "20 டாலர்னு போட்டு கிஃப்ட்னு டிக் பண்ணிடுங்களேன், எனக்கு டாக்ஸ் வராது"ன்னு. நல்லா பழகினவங்களா இருப்பாங்க, முடியாதுன்னு சொல்ல கஷ்டமா இருக்கும், ஆனாலும் சொல்லுங்க. உங்க கடை ஆன்லைன்ல இருக்கு, விலையோட இருக்கு, அதிகாரி தேடினா 2 நிமிஷத்துல பாத்துடுவார். சந்தேகம் வந்தா பேமெண்ட் ப்ரூஃப் கேப்பாங்க, அப்போ என்ன காட்டுவீங்க? பார்சல் தொலைஞ்சா இன்ஷூரன்ஸ் எழுதின விலைக்குத்தான் தரும், 120 டாலர் சேலைக்கு 20 டாலர் வரும். அது போக உங்க பேங்க்ல 120 டாலர் வந்திருக்கும், எக்ஸ்போர்ட் பேப்பர்ல 20 இருக்கும், கணக்கு ஒத்துப் போகாது.

கஸ்டமர் குடுத்த உண்மையான விலை, அதான் டிக்ளேர் பண்ற விலை. டிஸ்கவுண்ட் குடுத்திருந்தா முழு விலை, டிஸ்கவுண்ட், மிச்சம்னு மூணையும் காட்டுங்க. ஷிப்பிங் சார்ஜை எப்பவும் தனி வரியா எழுதுங்க, ஏன்னு பிரிட்டன் பத்தி சொல்றப்போ புரியும்.

டாக்ஸ் யார் கட்டறதுன்னு ஆர்டருக்கு முன்னாடியே பேசிடுங்க

டிடிபின்னா டூட்டி, டாக்ஸ் எல்லாம் அனுப்பறவங்களே கட்டிடறது. டிஏபின்னா பார்சல் போய் சேர்ந்ததும் வாங்கறவங்க கட்டறது, பழைய ஆளுங்க டிடியுன்னு சொல்லுவாங்க. புதுசா விக்கறவங்க இது தெரியாமலே டிஏபில அனுப்பிட்டு இருப்பாங்க. கனடால ஒருத்தங்க 3 சேலை வாங்கினாங்க, கூரியர்காரர் வாசல்ல நின்னு டாக்ஸும் கூரியரோட கிளியரன்ஸ் ஃபீஸும் கேட்டதும் "எனக்கு யாரும் சொல்லல"ன்னு பார்சலையே திருப்பி விட்டுட்டாங்க. அவங்க மேல எனக்கு கோவமே வரல, நான் சொல்லியிருக்கணும். போக வர கூரியர் சார்ஜ் சேலை விலையைத் தாண்டிடுச்சு.

அப்போல இருந்து செக்அவுட் பக்கத்துலயே எழுதிட்டேன், ஆர்டர் வந்ததும் தனியா மெசேஜும் போடறேன், உங்க நாட்டுல ஏறக்குறைய இவ்ளோ வரலாம்னு. டூட்டி 20%ன்னு வெச்சுக்கோங்க, 60 டாலர் சேலைக்கு 12 டாலர், அதுக்கு மேல கூரியர் தன் பங்குக்கு ஒரு ஃபீஸ் போடும். சின்ன ஆர்டருக்கு சில சமயம் அந்த ஃபீஸ் டாக்ஸை விட பெருசா இருக்கும், அதையும் சொல்லிடணும். முடிஞ்சா டிடிபில போட்டு அந்த காசை விலைலயே சேர்த்துடுங்க, கஸ்டமருக்கு நிம்மதி.

நாடு நாடா பாத்தா

அமெரிக்கா தான் இப்போ பெரிய தலைவலி. முன்னாடி 800 டாலர் வரைக்கும் டூட்டி இல்லாம போகும், நம்மள மாதிரி சின்ன கடைங்க வாழ்ந்ததே அதுல தான். 2025 ஆகஸ்ட் 29ல இருந்து எல்லா நாட்டுக்கும் அந்த சலுகையை நிறுத்திட்டாங்க. அந்த சமயத்துல நம்ம தபால்துறையே அமெரிக்கா பார்சல் எடுக்கறதை நிறுத்தி வெச்சிருந்தாங்க, அக்டோபர் 15ல இருந்து தான் திரும்ப எடுத்தாங்க, இப்போ புக் பண்றப்பவே டூட்டியையும் சேர்த்து வாங்கிக்கற முறை. டூட்டி சதவீதம் அரசியலைப் பொறுத்து மாறிட்டே இருக்கு, அதனால போன மாசம் யாரோ சொன்ன ரேட்டை நம்பாதீங்க, அனுப்பற வாரத்துல கேட்டு தெரிஞ்சுட்டு கஸ்டமருக்கு சொல்லுங்க.

பிரிட்டன்ல 135 பவுண்டு தான் எல்லை. அதுக்குள்ள இருந்தா டூட்டி இல்ல, ஆனா 20% வாட்டை, அதாவது நம்ம ஜிஎஸ்டி மாதிரி அவங்க ஊர் வரியை, விக்கறவங்களே வாங்கி கட்டணும், நேரா உங்க வெப்சைட்ல வித்தா நீங்க அங்க வாட் பதிவு பண்ணணும். எட்ஸி, ஈபே, அமேசான் மாதிரி இடத்துல வித்தா அவங்களே வாங்கி கட்டிடுவாங்க. ஆரம்பிக்கறவங்களுக்கு பிரிட்டன், ஐரோப்பாவுக்கு மட்டும் இந்த மாதிரி மார்க்கெட்பிளேஸ் வழியா போறது நல்லதுன்னு நான் நெனைக்கறேன், கமிஷன் போனாலும் பரவால்ல. 135 பவுண்டுங்கறது பொருள் விலை மட்டும், இன்வாய்ஸ்ல ஷிப்பிங் தனியா தெரிஞ்சா அதை சேர்க்க மாட்டாங்க, அதான் தனி வரியா எழுதச் சொன்னேன். 135ஐ தாண்டினா அங்க போய் டூட்டியும் வாட்டும் கட்டணும்.

ஐரோப்பால 2021 ஜூலை 1ல இருந்து எவ்ளோ சின்ன பார்சலா இருந்தாலும் வாட் உண்டு. 150 யூரோக்குள்ள ஐஓஎஸ்எஸ்னு ஒரு முறை இருக்கு, விக்கறப்பவே வாட்டை வாங்கிடறது, மார்க்கெட்பிளேஸ்ல வித்தா அவங்க நம்பர் தருவாங்க. அந்த நம்பரை பார்சல் மேல எழுதினா பத்தாது, புக் பண்றப்போ டேட்டாவோட ஏத்தணும், இல்லைன்னா ஏற்கனவே வாட் கட்டின கஸ்டமர் கிட்ட திரும்ப வாட் கேப்பாங்க.

கனடால நம்ம ஊர்ல இருந்து போற பார்சலுக்கு 20 கனடா டாலர் தான் விலக்கு, அதாவது எதை அனுப்பினாலும் டாக்ஸ் வரும்னே வெச்சுக்கோங்க. ஆஸ்திரேலியா துணி விக்கறவங்களுக்கு சுலபம், 1000 ஆஸ்திரேலிய டாலர் வரைக்கும் டூட்டி இல்ல, அங்க வருஷத்துக்கு 75,000 டாலருக்கு கம்மியா விக்கற கடைக்கு ஜிஎஸ்டி பதிவும் வேண்டாம். சிங்கப்பூர்ல 400 சிங்கப்பூர் டாலர் தான் எல்லை, அதைத் தாண்டினா 9% ஜிஎஸ்டி. பெருசா ஆர்டர் பண்ற சிங்கப்பூர் கஸ்டமருக்கு இதை முன்னாடியே சொல்லிடுங்க.

தபாலா கூரியரா

தபால்ல டாக் கர் நிர்யாத் கேந்திரான்னு எக்ஸ்போர்ட்டுக்குன்னே போர்ட்டல் இருக்கு, அதுல ஐஈசி குடுத்து ரிஜிஸ்டர் பண்ணி, வீட்டுலயே பில் ஆஃப் எக்ஸ்போர்ட் (தபால்ல போற பொருளுக்கு கஸ்டம்ஸுக்கு குடுக்கற எக்ஸ்போர்ட் பேப்பர்) போட்டு லேபிள் எடுத்து, பக்கத்துல அந்த வசதி இருக்கற போஸ்ட் ஆஃபீஸ்ல குடுத்தா போதும், ஃபாரின் போஸ்ட் ஆஃபீஸ்ல கஸ்டம்ஸ் பாத்து அனுப்பிடுவாங்க. சின்ன எடைக்கு இது தான் கட்டுபடி ஆகும். 300 எஸ்டிஆர் (சர்வதேச தபால் கணக்குல வைக்கற மதிப்பு அளவு) வரைக்கும், அதாவது 400 டாலர் சொச்சம் வரைக்கும் கஸ்டம்ஸுக்கு பொருள் விவரம் எழுதற சிஎன் 22 ஃபாரம், அதுக்கு மேல சிஎன் 23.

கூரியர்ல ரெண்டு வகை இருக்கு, இது முக்கியம். சிஎஸ்பின்னா கூரியர் ஷிப்பிங் பில், அதுல சிஎஸ்பி 4ங்கறது கிஃப்டுக்கும் சாம்பிளுக்கும், சிஎஸ்பி 5 தான் வியாபாரத்துக்கு. தெருமுனைல "வெளிநாட்டு பார்சல் கிலோ இவ்ளோ"ன்னு போர்டு போட்டிருக்கற சில ஏஜெண்டுங்க சீப்பா இருக்கும்னு எல்லாத்தையும் கிஃப்ட்லயே தள்ளி விடுவாங்க, நம்ம கிட்ட கேக்கவே மாட்டாங்க. வந்த காசுக்கு எக்ஸ்போர்ட் ஆதாரம் இருக்காது, ஜிஎஸ்டில எக்ஸ்போர்ட்னு காட்டவும் முடியாது. புக் பண்ணினதும் ஷிப்பிங் பில், அதாவது நம்ம கஸ்டம்ஸ்ல எக்ஸ்போர்ட்னு பதிவான பேப்பர், அதோட காப்பி குடுங்கன்னு கேளுங்க, தரலைன்னா அந்த ஏஜெண்ட் வேண்டாம்.

கட்டறப்போ

இன்வாய்ஸ் 3 காப்பி வெளில பிளாஸ்டிக் கவர்ல, 1 உள்ள. வாங்கறவங்க ஃபோன் நம்பர், ஈமெயில் ரெண்டும் கட்டாயம், கஸ்டம்ஸ் கூப்பிடறது அவங்களைத்தான். பித்தளை அனுப்பறவங்க பட்டறைல கட்டிக் குடுக்கற மாதிரி வைக்கோல் வெச்சு அனுப்பிடாதீங்க, ஆஸ்திரேலியால வைக்கோலைப் பாத்தாலே நிறுத்திடுவாங்க. மரப்பெட்டின்னா சூடு காட்டி பதப்படுத்தின முத்திரை இருக்கணும். அட்டைப்பெட்டியும் நசுக்கின காகிதமும் போதும்.

அப்படியும் நின்னுடுச்சுன்னா

பதறாதீங்க, ஆனா சும்மாவும் இருக்காதீங்க, சில நாள் தான் வெச்சிருப்பாங்க, பதில் போகலைன்னா திருப்பி விட்டுடுவாங்க. முதல்ல நம்ம நாட்டுல நிக்குதா அங்க நிக்குதான்னு ட்ராக்கிங்ல பாருங்க. நம்ம பக்கம்னா கூரியர் இல்ல போஸ்ட் ஆஃபீஸ் மூலமா என்ன கேக்கறாங்கன்னு எழுத்துல வாங்குங்க. அங்கன்னா கஸ்டமர் தான் பதில் சொல்லணும், சட்டப்படி இறக்குமதி பண்றது அவங்க. கஸ்டமருக்கு உடனே ஒரு மெயில் போடுங்க, அதுல இன்வாய்ஸ், அவங்க காசு கட்டின ரசீது, கடைல அந்த பொருளோட பக்கம், துணின்னா என்ன நூல்னு ஒரு வரி, எல்லாம் ஒரே மெயில்ல இருக்கட்டும், அவங்க அப்படியே ஃபார்வர்டு பண்ணினா போதுங்கற மாதிரி. கஸ்டம்ஸ் பேர்ல லிங்க் அனுப்பி காசு கேக்கற போலி மெசேஜ் நிறைய வருது, அதனால ட்ராக்கிங் நம்பரை கூரியரோட சொந்த வெப்சைட்ல போட்டுப் பாத்துட்டு அங்கயே காசு கட்டச் சொல்லுங்க.

திரும்பி வந்துட்டா, நம்ம கஸ்டம்ஸ்லயும் கேள்வி வரும், இது இங்கருந்து போன பொருள் தானான்னு. போறப்போ போட்ட ஷிப்பிங் பில் இல்ல தபால் பில், அதே பொருளோட ஃபோட்டோ, திருப்பி விட்ட காரணம் இருக்கற ட்ராக்கிங் பக்கம், இது மூணும் இருந்தா நம்ம பொருளுக்கே நாம இறக்குமதி டூட்டி கட்டற நிலைமை வராது, 3 வருஷத்துக்குள்ள மாத்தம் எதுவும் இல்லாம திரும்பி வர்ற பொருளுக்கு விலக்கு இருக்கு, போறப்போ ஏதாவது எக்ஸ்போர்ட் சலுகை வாங்கியிருந்தா அதை மட்டும் திருப்பிக் கட்டணும். கிஃப்ட்னு போட்டு அனுப்பினவங்க கிட்ட காட்ட எந்த பேப்பரும் இருக்காது. நான் ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு ஃபோல்டர் போட்டு, பெட்டியை ஒட்டறதுக்கு முன்னாடி உள்ள இருக்கறதை ஒரு ஃபோட்டோ, ஒட்டின அப்புறம் லேபிளோட ஒரு ஃபோட்டோ எடுத்து பில்லோட சேர்த்து வெச்சிடறேன்.